நானூற்றுப் பன்னிரண்டு நாள் பச்சை

ஜாம்பியாவின் சோமா நகரில், பெயர்ப்பலகைகூட இல்லாத சின்ன அலுவலகத்தில் சோல்வே மவீம்பாவுக்கு வேலை. திரையில் நாற்பது விளக்குகளை அவள் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தடுப்பூசிக் குளிர் அறை. அறையிலுள்ள கருவி பதில் சொன்னால் பச்சை. மின்சாரம் போய்ப் பேசாவிட்டால் சிவப்பு. சிவந்தால்தான் காவலருக்குச் செய்தி போகும், அவர் ஜெனரேட்டரைப் போடுவார். டீசல் அவ்வளவு அருமை.

அக்டோபர் வெயில். மோன்சே ஊரில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை என்று அங்கிருக்கும் தங்கை போனில் புலம்பினாள். சோல்வே திரையைப் பார்த்தாள். மோன்சே பச்சை. கருவிகளின் பட்டியலைத் திறந்தாள்.

போன வாரம்தான் அங்கே புதுக் கருவி வைத்தார்கள். பெயர் அதேதான், கணினி வலையில் அதன் எண் முகவரி வேறு. பழைய எண் இங்கே அலுவலகத்தின் அடுத்த அறை பிரிண்டருக்குப் போயிருந்தது. ஓடிப்போய் அதன் கம்பியைப் பிடுங்கினாள். திரும்பி வந்தால் மோன்சே சிவப்பு. அதுவரை குளிர் அறையின் பெயரில் பதில் சொன்னது பிரிண்டர்!

மோன்சே காவலர் முகேலபாயைப் போனில் அழைத்தாள். அவர் மீன்பிடிக்கும் இனம், இவள் மாடு வளர்க்கும் இனம்; இரண்டு இனத்தாரும் ஒருவரையொருவர் கேலி செய்வது அங்கே வழக்கம்.

"என்ன மாட்டுக்காரி, சாப்பிட விடமாட்டியா?"

"மீன்தின்னி, தட்டைப் போட்டுட்டு ஓடு! ஜெனரேட்டரப் போடு!"

"செய்தியே வரலியே?"

"இப்பதான் சிவந்துச்சு, இனிமேதான் வரும்! ஓடுய்யா!"

போனில் மூச்சிரைப்பு, கதவுச் சத்தம். எட்டு டிகிரி தாண்டினால் குழந்தைகளுக்குப் போட வைத்திருக்கும் அத்தனை மருந்தும் குப்பை.

"ஏழு புள்ளி ஒம்பது," என்றார் முகேலபாய். குரலில் கிண்டல் இல்லை.

சோல்வே மேலாளர் ஹமூங்காவிடம் போனாள். "சார், கண்காணிப்பு மெஷினை அணைச்சுப் போடணும்."

"விளையாடறியா? இந்தக் கரண்ட்டை வச்சுக்கிட்டு நானூத்திப் பன்னெண்டு நாளா அணையாம ஓட்டியிருக்கேன். ஒரு வருஷத்துக்கு கேக் வெட்டினோமே!"

"அதான் சார் வினை. மெஷின் கிளம்பும்போது ஒவ்வொரு பேருக்கும் விசாரிச்ச முகவரியையே அது இன்னும் நினைப்புல வச்சிருக்கு. இடையில எத்தனை கருவி மாத்தினோம்?"

ஹமூங்கா விரல் விட்டு எண்ணினார். பாதியில் நிறுத்திவிட்டுத் தானே போய்ப் பொத்தானை அமுக்கினார்.

விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. பச்சை, பச்சை, பச்சை. இதுவரை பச்சையாக இருந்த கலோமோ சிவப்பு. இன்னும் மூன்று சிவப்பு.

"கலோமோவுல எப்ப மாத்தினோம்?"

"ஏப்ரல்ல," என்றார் ஹமூங்கா.

சோல்வே கலோமோ காவலரின் போன் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.