கித்துள் ஊறிய வாளி

எங்கள் சித்தப்பாவுக்கு மரநாயின் கழிவைப் பொறுக்கும் பழக்கம் வந்தது கித்துள் என்ற பனை மரத்தின் மேல் இருந்த ஆசையால்தான். கலஹா ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டு வரிசையின் பின்னால் ஓர் ஓடை ஓடியது. அதன் கரை நெடுகக் கித்துள் வளர்த்துவிட்டால் பாளை சீவி இனிப்புப் பாணி காய்ச்சலாம், தேயிலையை மட்டும் நம்பிக் கிடக்க வேண்டாம் என்று அவர் நினைத்தார். மரநாய் தின்று போட்ட விதைதான் நன்றாக முளைக்கும் என்று கீழே கிராமத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பொலித்தீன் பையை எடுத்துக்கொண்டு பாறை பாறையாக ஏறி இறங்குவார். குச்சியால் கிளறிப் பார்ப்பது என் வேலை.

“இந்த மரம் பாளை விட எத்தனையோ வருஷம் ஆகுமாமே தம்பி. அதுவரைக்கும் உங்களுக்குப் பல்லு இருக்குமா?” என்று அம்மா கேட்பாள்.

“பாணி குடிக்கப் பல்லு எதுக்கு அண்ணி?” என்பார் சித்தப்பா.

மரநாய் போட்டது போதவில்லை. பழுத்த குலை ஒன்றையும் வெட்டிக்கொண்டு வந்தார். கித்துள் பழத்தின் சதை தோலில் பட்டால் அரிப்பு உயிரை எடுத்துவிடும். தண்ணீரில் ஊறப்போட்டு, சதை அழுகிய பிறகுதான் விதையைக் கழுவி எடுக்க வேண்டும். கழிவையும் பழத்தையும் ஒரே வாளியில் கொட்டி, நீர் ஊற்றி, ஓடைத் தண்ணீர் குழாய் போலக் கொட்டும் பீலிக்குப் பக்கத்தில் வைத்துப் பலகையால் மூடினார். அதன் மேல் ஒரு கல்லையும் ஏற்றினார். வீட்டில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எச்சரித்தார்.

“எனக்கா சொல்றீங்க, சின்னண்ணே? கொழுந்து பறிக்கிற மலையில அந்தப் பழத்து மேலதான் தெனமும் நடக்கிறேன்” என்று அத்தை சிரித்தாள். அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை.

அந்த வாரத்தில்தான் அவளுக்கு வரன் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் சொந்தமாகக் கடை வைத்திருப்பவர். மனைவி இறந்து, இரண்டு பிள்ளைகள். தங்கச்சி இனி மழையில் கூடை சுமக்க வேண்டாம் என்று அப்பா சந்தோஷத்தில் தூங்கவே இல்லை. அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள்தான் அம்மாவிடம் ஒன்று கேட்டாள்.

“அண்ணி, அவரோட மூத்த புள்ளைக்கு என்ன வயசு?”

“பதினாலாம்.”

“எனக்கு அவன் தம்பி மாதிரில்ல இருப்பான்.”

“வாய மூடு. அண்ணன் காதுல விழப்போகுது.”

பெண் பார்க்க வந்த அன்று காலையில் நான் பீலிப் பக்கம் போனேன். அத்தை கல்லை இறக்கி, பலகையைத் தள்ளி, வாளிக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த நீரை எடுத்து இரண்டு முழங்கையிலும் கழுத்திலும் பூசினாள். முகத்தை மட்டும் பீலித் தண்ணீரில் நன்றாகக் கழுவினாள். பிறகு பலகையை மூடி, கல்லைப் பழையபடியே வைத்தாள். என்னைக் கண்டதும், “போடா, போய்ச் சட்டையப் போடு. ஆளுங்க வந்துருவாங்க” என்றாள். கல்யாணப் பெண்கள் இப்படித்தான் அலங்காரம் செய்துகொள்வார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் வந்து கதிரையில் உட்கார்ந்தார்கள். நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அத்தை தேநீர்த் தட்டோடு வந்தாள். தட்டைக் கீழே வைத்ததும் சொறிய ஆரம்பித்தவள்தான், நிறுத்தவில்லை. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது.

“பொண்ணுக்கு ஏதும் தோல் வியாதியா?” என்று அந்த அக்கா கேட்டார்.

“சேச்சே, கொசுக்கடிங்க” என்றாள் அம்மா.

“கட்டுகஸ்தோட்டையிலயும் கொசு இருக்குதுங்க. இப்படிக் கடிக்காது.”

சித்தப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. தங்கச்சியின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிடும் வேகத்தில் எழுந்து நின்றார்.

“வியாதி எல்லாம் ஒண்ணுமில்லீங்க! நாங்க மரநாய்க் கழிவ ஒரு வாளியில ஊறப்போட்டிருக்கோம். அந்தத் தண்ணியில தெரியாம மேலு கழுவிட்டா போல. அவ்வளவுதான்!”

மாப்பிள்ளை கையில் இருந்த தேநீரை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு குடிக்காமலே கீழே வைத்தார். அவர்கள் போன பஸ்ஸின் சத்தம் வளைவில் மறையும்வரை அப்பா வாசலிலேயே நின்றார்.

அதன் பிறகு அப்பா பேசியதை எழுத முடியாது. வாளியைத் தூக்கி ஓடையில் கவிழ்க்கப் போனார். அத்தைதான் குறுக்கே நின்றாள்.

“கொட்டாதீங்க அண்ணே. அந்த வெதை என்ன பாவம் செஞ்சிச்சு?”

உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் வழிய நின்று அவள் அப்படிக் கேட்டதும் அப்பாவின் கோபம் தணிந்துவிட்டது.

விதைகளைக் கழுவி எடுத்தபோது சித்தப்பாவின் கைக்கு அத்தைதான் பொலித்தீன் பை கட்டிவிட்டாள். மணலும் மக்கிய சாணமும் கலந்து பழைய பால்மா டின்களில் ஊன்றினார்கள். பலா மர நிழலில் டின்களை அடுக்கி, மண் காயாமல் தண்ணீர் தெளித்துவந்தது அவள்தான். மாதங்கள் போயின, ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டு நான் தலையில் குட்டு வாங்கினேன். சித்தப்பா மட்டும் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். தங்கச்சியின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் மழை விட்ட பிறகு அத்தை எங்களைக் கூவி அழைத்தாள். ஒரு டின்னில் ஈட்டி முனை போலப் பச்சையாக ஒன்று நிமிர்ந்து நின்றது. சித்தப்பா அதைப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டியவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

“இதுக்காக ஒன் கல்யாணத்தையே கெடுத்துட்டேனே தங்கச்சி” என்றார்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் வழிந்தது. கைநழுவிப் போன அந்தக் கடைக்கார மாப்பிள்ளையை நினைத்து எவ்வளவு துக்கப்படுகிறாள் பாவம் என்று நினைத்தேன். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நானும் சத்தமாக அழுதேன். அதைப் பார்த்து அவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள்.