இருபத்து மூன்றாம் உருப்படி

கூட்ஸ் யார்டு மறைந்து பதினோரு வருஷம் ஆகிறது. அது இருந்த இடத்தில் இப்போது நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஒரு பூங்கா, ஒரு பல் மருத்துவமனை, வரிசையாகக் கடைகள். யார்டு போய்விட்டது என்பது ஊருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும், அங்கே சிந்திய தானியத்தைத் தின்று கொழுத்த புறாக்களுக்குக்கூடத் தெரியும். ரயில்வே தலைமை அலுவலகத்துக் காகிதத்துக்கு மட்டும் தெரியாது. காகிதத்தில் யார்டு ஜம்மென்று இருந்தது. அதற்கு ஒரு பொறுப்பாளரும் இருந்தார்.

அவரை எல்லோரும் நம்பர்க்காரர் என்பார்கள். யார்டுக்கு வந்து நிற்கிற ஒவ்வொரு வேகனின் பக்கத்திலும் நடந்து போய் அதன் எண்ணை நோட்டில் எழுதுவது அவர் வேலை. யார்டுச் சாமான்களின் சார்ஜும் ஆரம்பத்திலிருந்தே அவரிடம்தான். யார்டை மூடியபோது மற்ற ஆட்களையெல்லாம் வேறு ஊர்களுக்கு மாற்றிவிட்டு, முழுப் பொறுப்பையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். இரண்டாம் குடியிருப்பின் ஜெனரேட்டருக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே இடிக்க மறந்த ஓர் அறை உண்டு. காலை எட்டு மணிக்கு அதைத் திறந்து, ‘வந்த வண்டி: இல்லை. போன வண்டி: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாலை ஐந்துக்குப் பூட்டுவார். நானாக இருந்தால் பதினோரு நாளில் பைத்தியம் பிடித்திருக்கும். மனிதர் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. பெண் பிறந்தபோதும் போடவில்லை, அவள் கல்யாணத்தன்றும் காலையில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் மண்டபத்துக்கு ஓடினார்.

ஏழு மாதத்துக்கு முன் அவருக்கு ஓய்வு வந்தது. வந்தும் போக முடியவில்லை. சார்ஜை இன்னொருவர் கையில் ஒப்படைக்காமல் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது சட்டம். அதிலும் இந்த யார்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யார்டுச் சாமான் பட்டியலில் மொத்தம் இருபத்து மூன்று உருப்படி. ஒவ்வொன்றையும் கொடுப்பவர் ஒரு தடவை தொட வேண்டும், வாங்குபவர் ஒரு தடவை தொட வேண்டும், அப்புறம்தான் டிக். தொடாமல் டிக் கிடையாது.

சார்ஜ் எடுக்க ஆள் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. மறுபடி சொன்னார்கள், மறுபடி வரவில்லை. இதற்கிடையில் வெளியூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவிக்குக் கண் புரை முற்றிவிட்டது. இவர் வரட்டும் என்று ஆபரேஷனை இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். மூன்றாம் தடவை போன் செய்தாள்.

“ஏங்க, புதன்கிழமை ஆபரேஷன், வியாழக்கிழமை கட்டு அவுக்கிறாங்க. இனிமே தள்ளிப்போட முடியாது. கட்டு அவுத்ததும் எதிர்ல நீங்க நிக்கணும். நிக்கலேன்னா யார் நிக்கிறாங்களோ அவங்க மூஞ்சியப் பாத்துட்டு மிச்ச காலத்த ஓட்டிக்கிறேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான்.

நல்ல வேளையாக அந்த ஏழு மாதமும் அவர் சும்மா இருக்கவில்லை. பழைய வரைபடம் ஒன்றை மடியில் விரித்துவைத்து, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன யார்டை வீடு வீடாகத் தேடினார். கதவைத் தட்டி, “உங்க வீட்டுல எங்க யார்டு கொஞ்சம் இருக்கு, பாத்துட்டுப் போகட்டுமா?” என்று கேட்டால் யார் விடுவார்கள்? காவலாளி நான்கு தடவை வெளியே தள்ளினார். ஐந்தாவது தடவை அவரே டார்ச் அடித்து உதவினார். இப்படியாக இருபத்திரண்டு உருப்படிகளைக் கண்டுபிடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, கடவுள் கண் திறந்த மாதிரி, சார்ஜ் எடுக்க ஒரு அம்மாள் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தணிக்கைப் பிரிவில் பத்து வருஷம் குப்பை கொட்டியவர். தோளில் பை, கையில் பேனா.

“சார், யார்டு எங்க இருக்கு?”

“நீங்க அது மேலதாம்மா நிக்கிறீங்க. வீட்டுக்காரிக்கு நாளைக்குக் கண் ஆபரேஷன், சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு எனக்கு வண்டி. சீக்கிரம் தொட ஆரம்பிச்சிடலாம்.”

முதல் உருப்படி, கைகாட்டிக் கம்பம். பூங்காவில் இருந்தது. அதில் வளையம் மாட்டிப் பையன்கள் பந்து போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் தொட்டார்கள், டிக். இரண்டாவது, வேகன் தாண்டிப் போகாமல் நிறுத்துகிற தடுப்புக்கட்டை. முதல் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஒருவர், தன் காருக்காகவே கட்டிக்கொடுத்தது என்று நினைத்து, வருஷா வருஷம் அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பளு தூக்கியின் கொக்கி பல் மருத்துவமனை வரவேற்பறையில் இருந்தது, அதில் அலங்கார விளக்கு தொங்கியது. நாற்காலி போட்டு ஏறித் தொட்டார்கள். பல்வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள் வலியை மறந்து பார்த்தார்கள்.

நான்காம் லைனுக்குத் தண்டவாளமே இல்லை, பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் பட்டியலில் லைன் இருக்கிறதே. வரைபடத்தின்படி அது இரண்டாம் குடியிருப்பின் தரைத்தளத்து வீட்டுச் சமையலறை வழியாகப் போனது. அந்த வீட்டம்மாள் கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்தார்.

“அம்மா, போன மாசம் சொன்னேனே, உங்க அடுப்புக்குக் கீழ நாலாம் லைன் போகுதுன்னு? இந்த அம்மா தொடணுமாம்.”

“இப்பதான் தரை துடைச்சேன். கால மிதியடியில நல்லாத் தேய்ச்சிட்டு வாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “லைன்ல வண்டி கிண்டி ஏதும் வராதே?” என்றார்.

“இப்போதைக்கு இல்லம்மா.”

இரண்டு பேரும் குனிந்து அடுப்புக்குக் கீழே ஆளுக்கொரு தடவை தொட்டார்கள். டிக்.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு இருபத்திரண்டு டிக்குகள் ஆகிவிட்டன. சார்ஜ் எடுக்க வந்த அம்மாள் அடுத்த வரியைப் படித்தார். “இருபத்து மூணு. எடைமேடை, ஒன்று.”

நம்பர்க்காரர் “வாங்க, காட்டறேன்” என்று மூன்றாம் குடியிருப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார். மூலையில் எடை பார்க்கிற சின்ன இயந்திரம் இருந்தது. அவர் தொட்டார். அம்மாளும் தொட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றி ஏறி நின்றுகூடப் பார்த்தார். முள் அறுபத்தெட்டில் நின்றது. முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கிப் பட்டியலை மறுபடி படித்தார்.

“சார், இதுல அறுபது டன்னுன்னு போட்டிருக்கு. வேகனோட எடை போடுற மேடை. நான் இதுல ஏறினதுக்கே இது கிடுகிடுன்னு ஆடுது.”

நம்பர்க்காரர் பக்கத்தில் இருந்த ஓட்டப் பயிற்சி இயந்திரத்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். நல்ல வேளை, அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

“எடைமேடை இல்லம்மா,” என்றார். “காணாமப் போகல. எப்பவுமே இருந்ததில்ல. நான் சார்ஜ் எடுத்த அன்னிக்கு எனக்கு முன்னால இருந்தவருக்கு ரயிலுக்கு நேரமாயிடுச்சு. ‘எல்லாம் இருக்குப்பா, டிக் போடு’ன்னார். கடைசி ஒண்ண மட்டும் தொடாமப் போட்டுட்டேன். மறுநாள் தேடறேன், யார்டு முழுக்க அப்படி ஒண்ணே கிடையாது. அப்புறம் வருஷா வருஷம் சோதனைப் படிவத்துல ‘நல்ல நிலையில் உள்ளது’ன்னு எழுதினேன். முப்பத்தோரு வருஷம்.”

“யார்கிட்டயும் சொல்லலயா?”

“எப்படிச் சொல்றது? கையெழுத்து என்னுதாச்சே. லீவு போட்டா வேற ஒருத்தர் சார்ஜ் எடுப்பாங்க, எடைமேடையக் காட்டுன்னு கேப்பாங்க. அதனாலதான் லீவே போடல. என் பொண்ணு மாமியார் ஊர்ல பிறந்து நாலாம் நாள் சாயங்காலம்தான் அவ மூஞ்சியப் பாத்தேன்.”

கடமை வீரர் என்று நாமெல்லாம் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். மனிதர் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சார்ஜ் எடுக்க வந்த அம்மாள் மணியைப் பார்த்தார். ஐந்து பதினைந்து. அவருக்கு இளகிய மனசு. “உண்மைய எழுதினா விசாரணை, கமிட்டின்னு உங்கள ஒரு வருஷத்துக்கு விட மாட்டாங்க சார். உங்க வீட்டம்மா அங்க காத்துக்கிட்டிருக்காங்க. நான் போட்டுடறேன். எனக்கென்ன, வருஷத்துக்கு ஒரு தடவை நல்லா இருக்குன்னு எழுதினாப் போச்சு.” பேனா மூடியைக் கழற்றினார்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் நம்பர்க்காரர் கணக்குப் போட்டார். இந்த அம்மாளுக்கு ஓய்வு வர இன்னும் இருபத்தைந்து வருஷம் இருக்கிறது. ஜெனரேட்டருக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே இருபத்தைந்து வருஷம்! அவர் பாய்ந்து பட்டியலைப் பிடுங்கினார்.

“வேண்டாம்மா. போடாதீங்க.”

“அப்ப உங்க ரயில்?”

“சார்ஜ் குடுக்காமத்தான் போறேன்.”

“சார், அது பெரிய தப்பு சார்! அப்ப நான் என்ன பண்றது?”

“வீட்டுக்குப் போங்கம்மா. இங்க பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.”

சொல்லிவிட்டு ஓடினார். இருபது வருஷம் வேகன் பக்கத்தில் நடந்தே பழகிய கால்கள். பூங்காவைத் தாண்டி, கடைத் தெருவைத் தாண்டி, ஒரு கையில் பட்டியலும் இன்னொரு கையில் துணிப்பையுமாக, வேட்டி தடுக்கத் தடுக்க ஓடினார். நகர்ந்துகொண்டிருந்த கடைசிப் பெட்டியில் யாரோ கை கொடுத்து ஏற்றிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தபோது அவர் எதிரில் நின்றார். மகள் ஒதுங்கி வழி விட்டாள். மனைவி இரண்டு மூன்று தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு அவரையே பார்த்தாள்.

“சார்ஜ் குடுத்துட்டீங்களா?”

“இல்ல. ஓடி வந்துட்டேன்.”

அவள் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நரைத்த புருவம், ஒட்டிப்போன கன்னம், கழுத்தில் தொங்குகிற சதை என்று ஒவ்வொன்றாக. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“எப்பங்க உங்களுக்கு இவ்வளவு வயசாச்சு?”

“டூட்டியிலதான்,” என்றார் நம்பர்க்காரர்.

கண்ணில் தண்ணீர் வரக் கூடாது, அழாதீர்கள் என்று நர்ஸ் அதட்டினார். அவள் அழவில்லை. அவர்தான் அழுதுகொண்டிருந்தார்.