அளவு நோட்டில் வெயிலுக்கு ஒரு பக்கம்

இன்றைக்கு நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? டேப்பக்காவை! பையின் வார் அறுந்துபோய், தைத்து வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்று போன இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கதையை மட்டும் கேளுங்கள்.

டேப்பக்கா தையல்காரர். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சொந்தத் தங்கையின் கல்யாணப் போட்டோவில்கூட நல்ல உடுப்புக்கு மேலே மஞ்சள் டேப் தொங்குகிறது. வீட்டின் முன்னறைதான் அவருடைய தையல் கூடம். நான்கு மோட்டார் மெஷின், ஒரு வெட்டு மேசை, ஓர் இஸ்திரி மேசை. மருத்துவமனை ஊழியர்களுக்குச் சீருடை தைக்கிறார்கள். ஜன்னலோர மெஷின் அக்காவுடையது, மற்ற மூன்றில் மூன்று பெண்கள். அவர்களில் மூத்தவளுக்குக் காஜாக்காரி என்று பெயர். பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. வாயிலும்தான். மூவருக்கும் சேர்த்து அவளே பேசுவாள்.

போன வருடம் அந்தத் தெருவில் மின்கம்பிகளை மாற்றும் வேலை தொடங்கியது. தினமும் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை மின்சாரம் கிடையாது, வேலை முடிய ஒன்றரை வருடம் ஆகும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். நாலு மணிக்குப் பெண்கள் பிள்ளைகளைக் கூப்பிடப் பள்ளிக்கு ஓட வேண்டும். ஆக, நாளின் நடுத்துண்டு அப்படியே காணாமல் போனது. மூன்று பேரும் மெஷின் முன்னால் கைகட்டி உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை எண்ணினார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். காஜாக்காரி ஒருநாள் மூன்று விண்ணப்பத் தாள்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, உங்களை விட்டுப் போக மனசே இல்ல. ஆனா மனசு மெஷினை ஓட்டாதே."

"எப்ப பதில் சொல்லணும்?"

"அடுத்த மாசம் கழிச்சு முதல் தேதி. நாப்பது நாள் இருக்கு."

டேப்பக்கா அந்தத் தாள்களைப் பார்த்தார். பதினோரு வருடம் சேர்ந்து தைத்த கைகள். இந்த மூன்று பேர் போய்விட்டால் கூடம் என்பது வெறும் முன்னறைதான். ஆனாலும் டேப்பைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நாப்பது நாளைக்குள்ள இந்த நாலு மெஷினும் மத்தியானம் நிக்காம ஓடும். ஓடலைன்னா, நானே உங்க மூணு பேரையும் கூட்டிட்டுப் போய் அந்த கேட்டுல விட்டுட்டு வரேன்."

"எப்படிக்கா ஓடும்?"

"வெயில்ல ஓடும்."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். விடியற்காலை வண்டி எடுத்து, பகல் ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். கேட்டதும் சிரித்தார். "வெயிலை வாங்கப் போறியா? இத்தனை வருஷமா அதுகிட்ட இருந்து தப்பிக்கத்தானேம்மா குடை வாங்கிட்டிருந்தோம்!"

மறுநாள் பதினோரு மணிக்கு சோலார் கம்பெனித் தம்பி வந்தார். மொட்டை மாடியில் போனில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார், அதிலிருந்த ஆப்பைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"அஞ்சு பேனல்தான் வைக்க முடியும் அக்கா. லைட்டு, ஃபேன் ஓடும். மெஷின் நாலும், இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடணும்னா எட்டு வேணும். உங்க மாடியில வெயில் பத்தாது."

"பத்தாதா? அப்ப நேத்து துணி காயப்போடும்போது என் மண்டையைப் பிளந்தது எது?"

"நிழல் இருக்கேக்கா, அதுவும் மாசத்துக்கு மாசம் நகரும். காலையில பக்கத்து வீட்டு மூணாவது மாடி. மத்தியானத்துக்கு மேல உங்க மாடிப்படி ரூம். ஒரு பேனல்ல நிழல் விழுந்தா, அதோட சேர்த்துக் கோத்த மத்ததும் மந்தமாயிடும். உசரமா கம்பி நட்டு ஏத்தலாம்னா தளம் பழசு. காத்து வந்தா ஆட்டிடும்."

டேப்பக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க தம்பி?"

"பதினொண்ணு."

"நிக்க வச்சு மட்டும் அளவெடுத்துத் தைச்ச பேன்ட், உட்கார்ந்தா கிழியும். இந்த வெயில் நிக்கிறதை நீங்க பார்த்தீங்க. அது உட்காருறது, சாயுறது எல்லாம் யாரு பார்க்கறது?"

"அதெல்லாம் ஆப்பு கணக்குப் போட்டுடும்க்கா."

"ஆப்பு போடட்டும். பத்து நாள் கழிச்சு வாங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கு டேப்பக்கா துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். நிழலின் ஓரத்தில் அப்படியே ஒரு கோடு. ஒன்பது மணிக்கு இன்னொன்று. காலைக்கு நீலம், மதியத்துக்கு ரோஸ். பாதி காலர் மெஷினில் இருக்கும், மணி அடித்ததும் விட்டுவிட்டு ஓடுவார். சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்து, வந்து நோட்டில் எழுதுவார். எந்த நோட்டில்? வாடிக்கையாளர்களின் அளவு நோட்டில்தான்! நான் கண்ணால் பார்த்தேன். பெயர் என்ற இடத்தில் 'வெயில்'. போன் நம்பர் இடத்தில் ஒரு கோடு. தோள், மார்பு, இடுப்பு என்று அச்சடித்த கட்டங்களில் எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. கொடுக்க வேண்டிய நாள்: முதல் தேதி.

ஆறாம் நாள் பன்னிரண்டு மணி நிழலை அளந்துவிட்டுக் கடைக்குப் போனவர், இரண்டு மணிக்குத் திரும்பி மாடி ஏறிப் பார்த்தால் தளம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது. ஒரு கோடு இல்லை. வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"பக்கத்து வீட்டுப் பசங்க கிறுக்கி வச்சுட்டாங்கன்னு நினைச்சேன்மா. தேய்ச்சுத் தேய்ச்சு உயிரே போச்சு."

"இருபத்திரண்டு வருஷத்துல நீங்க ஒருநாள் துடைப்பத்தைத் தொட்டதுண்டா? இன்னைக்குத்தான் தோணணுமா?"

"நல்லது பண்ணினாலும் குத்தமா?"

நல்ல வேளை, அளவெல்லாம் நோட்டில் இருந்தது. அவரையே மண்டிபோட வைத்து, எல்லாக் கோட்டையும் திரும்பப் போட வைத்தார் அக்கா. அன்றிலிருந்து ஒரு மணி, இரண்டு மணிக் கோடுகள் வீட்டுக்காரர் பொறுப்பு. பேருந்துச் சீருடையோடு சாக்பீஸும் கையுமாக அவர் மாடியில் தவழ்வதைப் பார்த்து, எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார்களாம்.

பத்து நாள் முடிந்து கோடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நிழல் தொடாத வெயில் மட்டும் ஓர் உருவமாகத் தெரிந்தது. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் கோணல், நடுவில் ஒரு வால். டேப்பக்காவுக்கு அதைப் பார்த்ததும் பயமெல்லாம் போய்விட்டது. ஏனென்றால் அது அவருக்குப் பழகிய பொருள். பத்தாத துணி! பத்தாத துணியில் சட்டை எடுப்பதுதானே அவருடைய பிழைப்பு? குறுக்கே போட்டு, நெடுக்கே போட்டு, கையை ஒரு மூலையில் எடுத்து, காலரை இன்னொரு மூலையில் எடுத்து, "துணி பத்தாதுன்னு நான் யாரையும் திருப்பி அனுப்பினதில்ல" என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்.

சோலார் தம்பியிடம் போனில் பேனலின் நீள அகலம் கேட்டார். பழுப்புக் காகிதத்தை ஒட்டி, அதே அளவில் பேட்டர்ன் வெட்டினார். மதியம் மின்சாரம் போனதும் மூன்று பெண்களையும் மாடிக்குக் கூப்பிட்டார். நான்கு பேருமாகக் காகிதங்களை விரித்து, பறக்காமல் இருக்க மேலே செங்கல் வைத்து, திருப்பித் திருப்பிப் போட்டார்கள். சில நெடுக்கே, சில குறுக்கே. எண்ணினால் ஒன்பது!

"எட்டு கேட்டதுக்கு ஒன்பதாக்கா? மிச்சம் இருக்கிற வெயில்ல எனக்கு ஒரு பை தைச்சுக் குடுங்க" என்றாள் காஜாக்காரி.

அப்போதுதான் சோலார் தம்பி வந்து சேர்ந்தார். முதலில் நோட்டைப் பார்த்தார். பிறகு கோடுகளை. பிறகு ஆப்பில் இருந்த நிழல் படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, இதுக்கு முன்னாடி எந்தக் கம்பெனியில வேலை பார்த்தீங்க?" எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நோட்டில் இருந்தது ஆப்பில் இல்லாத நுணுக்கம். காலை வெயில் பேனல்களைத் தனியாகவும் மாலை வெயில் பேனல்களைத் தனியாகவும் கோத்துவிட்டால் ஒன்றின் நிழல் மற்றதைப் பாதிக்காது என்றார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் குனிந்து இரண்டு காகிதங்கள் சேரும் இடத்தைத் தொடும்வரை.

"அக்கா, இதென்ன ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கு?"

"அது தையலுக்கு விட்டது தம்பி."

"தையலுக்கா?"

"ஓரத்துல ஒரு அங்குலம் ஏறினாத்தானே தையல் பிடிக்கும்?"

தம்பி சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. மெதுவாகச் சொன்னார்: "பேனல் கண்ணாடிக்கா. ஏத்த முடியாது. நடுவுல பிடி போட இடைவெளி விடணும். தூசி கழுவ ஆள் நடக்கிறதுக்கு வழியும் விடணும்."

டேப்பக்கா செங்கற்களை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். எப்படித் திருப்பினாலும் ஏழு. அதற்குமேல் ஓர் அங்குலம் இல்லை.

"ஏழுன்னா?"

"மெஷின் ஓடும்க்கா. இஸ்திரிப் பெட்டி போடும்போது மெஷினை நிறுத்தணும்."

"எங்களுக்குப் பாதி வேலை இஸ்திரிதான் தம்பி" என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது. இரண்டு காகிதங்கள் மிச்சமாகி, சுருட்டப்பட்டு, அவர் கையிலேயே இருந்தன.

அந்த நேரத்தில் வேலை முடிந்து வீட்டுக்காரர் மேலே வந்தார். "என்ன, எல்லார் மூஞ்சியும் டயர் பஞ்சரான மாதிரி இருக்கு?"

"ரெண்டு பேனலுக்கு இடம் இல்லைங்க."

"இடம் இல்லையா? பஸ்ஸுக்குள்ள எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம்னா, மூட்டை முடிச்சை எங்க ஏத்துவோம்?" என்று கேட்டுவிட்டு விரலை மேலே தூக்கினார். "வண்டித் தலையில!"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாடிப்படி அறை! பத்து நாளும் அதன் நிழலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். நிழல் போடுகிறவனின் தலையில் யார் நிழல் போடுவது?

"மேல தண்ணி டேங்க் இருக்கே" என்றார் தம்பி.

"அது மூலையிலதான் இருக்கு." டேப்பக்கா அதற்குள் இரும்பு ஏணியில் பாதி ஏறியிருந்தார். டேப்பின் மறுமுனையைத் தம்பியைப் பிடிக்கச் சொன்னார். காகிதங்களை விரித்தார். "ரெண்டு தாராளமா உட்காரும். இந்தத் தடவை தையலுக்கு விடலை!"

"அப்ப வேலையைத் தொடங்கிடலாமாக்கா?"

"அவசரப்படாதீங்க. நாளைக்கு முழுக்க டேங்க் நிழலை அளந்துட்டுத்தான் சொல்வேன்."

அளந்தார். டேங்கின் நிழல் காலையில் கொஞ்ச நேரம் ஓரத்தைத் தொட்டுவிட்டு, பிறகு சுவருக்கு வெளியே போய் விழுந்தது. ஏழும் இரண்டும் ஒன்பது. எட்டே போதும் என்று தம்பி சொன்னதற்கு அக்கா ஒப்பவில்லை.

"மாசத்துக்கு மாசம் நிழல் நகரும்னு நீங்கதானே சொன்னீங்க? வளர்ற பிள்ளைக்குத் தைக்கும்போது உள்ள மடிச்சு விடுவோம்ல. அந்த ஒன்பதாவது பேனல், மடிச்சு விட்டதா இருக்கட்டும்."

பேனல் வந்தது. மின்சாரம் போனாலும் ஓட வேண்டும் என்பதால் படிக்கட்டுக்கு அடியில் பேட்டரியும் வந்தது. முப்பத்தெட்டாம் நாள் காலை கம்பிகளை இணைத்தார்கள்.

அன்று பகல் பன்னிரண்டு மணி. வழக்கம்போலத் தெருவில் மின்சாரம் போனது. எதிர்வீட்டு மோட்டார் இழுத்து முனகி அடங்கியது, மூலைக் கடையின் பாட்டு பாதியில் நின்றது. தையல் கூடத்தில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்துகொண்டார்கள். பழக்கம்! மெஷின் நிற்கவில்லை, இவர்கள் நின்றுவிட்டார்கள்! தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, யாருக்கும் உறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காஜாக்காரிதான் ஃபேனை அண்ணாந்து பார்த்தாள். மெதுவாகப் பெடலில் காலை வைத்தாள்.

டர்ர்ர்ர்.

இதைச் சொல்லும்போது டேப்பக்கா டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். என்னிடம் டேப் இல்லை, சட்டைக் கையை வைத்துச் சமாளித்தேன்.

"ஏண்டி, அந்த விண்ணப்பம் மூணும் எங்க?" என்று அன்றைக்கு அக்கா கேட்டாராம்.

"பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சுக்கா. காலர் பேட்டர்ன் வெட்டிட்டேன்."

இன்றைக்கு என் பையின் வாரும் மின்சாரம் இல்லாத ஒன்றே கால் மணிக்குத்தான் தைக்கப்பட்டது. இனி பை கிழிந்தாலும் கிழியுமே தவிர, இந்த வார் அறாது!

'உங்க மாடியில இடம் பத்தாது' என்ற பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவர்களுக்கு உடனே அனுப்புங்கள். முடிந்தால் ஒரு கிழிந்த துணியை எடுத்துக்கொண்டு டேப்பக்காவிடம் நேரில் போங்கள். வெயிலின் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாகக் காட்டுவார். பன்னிரண்டு மணிக்கு மேல் போவது நல்லது. அந்த நேரத்தில் தெருவே அமைதியாக இருக்கும். யாரிடமும் வழி கேட்க வேண்டாம், மெஷின் சத்தம் எந்த வீட்டிலிருந்து வருகிறதோ அதுதான் டேப்பக்கா வீடு.