ஆபேலின் வெள்ளிக்கிழமை

எங்கள் சபைப் பத்திரிகையிலிருந்து போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆம்பூரில் இருபத்து மூன்று வருஷமாக வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டும் ஆக்னஸ் அம்மாளின் ஊழியத்தைப் பற்றி, அவருடைய மகள் என்ற முறையில் நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். அம்மாவைப் பற்றி எழுத ஊரில் ஆள் பஞ்சம் இல்லை. மிஷன் அறிக்கையில் வருஷா வருஷம் அவள் பெயர் வருகிறது. அப்பாவின் பெயர் அச்சில் ஏறியதே இல்லை. ஆகவே நான் அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

அம்மாவைக் கிழிப்பதற்காக இதை எழுதவில்லை. கொஞ்சம் கிழிப்பேன். பெற்ற மகளுக்கு அந்த உரிமை உண்டு.

அப்பா பெயர் ஆபேல். எட்டு வயதில் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெறும்வரை கன்னியப்பன். பாலாற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு தோல் ஷாப்பில் அவருக்குப் பச்சைத்தோல் தூக்குகிற வேலை. மாட்டுவண்டியில் வந்து இறங்கும் தோலை, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டப் பிடரியில் போட்டுச் சுமந்துபோய்ச் சுண்ணாம்புக் குழியில் சேர்க்க வேண்டும். அந்த வாடை எந்தச் சோப்புக்கும் மசியாது. எனக்கு அது அப்பாவின் வாசனை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டபோதுதான் அதற்கு நாற்றம் என்று ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரிந்தது.

ஷாப் முதலாளிகள் சாயபுமார்கள். அதனால் வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவரவர் தொழுகை நாள் அவரவருக்கு. ஆனால் கோயில் மணி அடிக்கிற நேரத்தில் அப்பாவின் கழுத்தில் தோல் கிடக்கும். வருஷத்தில் பெரிய வெள்ளி ஒன்றுதான் அவருக்கும் கோயிலுக்கும் ஒத்துவந்த நாள். அதனால் சாமி சிலுவையில் செத்த கதை அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். உயிர்த்தெழுந்த கதையை அவர் கோயிலில் உட்கார்ந்து கேட்டதே இல்லை. அது ஞாயிற்றுக்கிழமை நடந்த விஷயம்.

அப்பாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. அம்மாவோடு பக்கத்தில் முழங்கால் போட்டு நற்கருணை வாங்க வேண்டும். எங்கள் சபையில் அதற்கு முதலில் திடப்படுத்தல் ஆக வேண்டும், அதற்கு ஞானோபதேசம் ஒப்பிக்க வேண்டும்: பத்துக் கட்டளைகள், விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஒவ்வொன்றுக்கும் பொருள். வகுப்பு நடப்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பாவுக்கு எழுத்தும் தெரியாது. பெரிய வெள்ளி ஆராதனையில் அம்மா எழுந்து பீடத்துக்குப் போவாள். அப்பா குழந்தைகளோடு கடைசிப் பாயில் உட்கார்ந்து, அவள் போவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எப்டிமே இருந்துச்சி?" என்று மெதுவாகக் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலில் எங்கள் பாதிரியார் சத்தியநாதன் ஐயர் ஒரு வழி சொன்னார். "உன் வூட்லயே ஒரு உபதேசியார் இருக்கும்போது உனக்கு வகுப்பு எதுக்குப்பா? வெள்ளிக்கிழமைல ஆக்னஸ் சொல்லிக் கொடுக்கட்டும். நீ எப்ப ஒப்பிக்கிறியோ அப்ப நான் உன்னைத் திடப்படுத்துறேன்." அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது ஐந்து வயது.

முதல் இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. முதல் கட்டளை ஆயிற்று, இரண்டாவது ஆயிற்று. எங்கள் ஞானோபதேசத்தின் வரிசையில் மூன்றாவது ஓய்வுநாளைப் பற்றியது. அதைச் சொல்ல மாட்டேன் என்று அப்பா அடம்பிடித்தார்.

"ஞாயித்துக்கெழம தோலு தூக்கிக்கினு இருக்கிறவன் வாயில இது வந்தா சாமி சிரிக்கமாட்டாரு?"

"சிரிச்சா சிரிக்கட்டும், சொல்லுங்க," என்றாள் அம்மா. அவள்தான் சிரித்தாள். அப்பாவும் சொன்னார். மூன்று முடிந்தது. பாடம் அதோடு நின்றது.

ஏன் நின்றது என்றால், அம்மாவுக்கும் வெள்ளிக்கிழமை முக்கியமாகிவிட்டது. அவள் போய் வந்த வீடுகளில் பாதிக்கு மேல் சாயபுமார் வீடுகள். வெள்ளி மத்தியானம் ஆண்கள் எல்லாரும் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரந்தான் அந்த வீட்டுப் பெண்கள் நிம்மதியாக உட்கார்ந்து பேச, தையல் கற்றுக்கொள்ள, ஒரு கதையைக் கேட்க நேரம் கிடைக்கும். பிறகு ஒரு வீடு பத்து வீடானது. வெள்ளிக்கிழமை காலையில் அவள் பையை எடுத்தால் பொழுது சாயத்தான் திரும்புவாள்.

அவள் செய்ததை வீண் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில், பெற்றவர்களே எட்ட நின்ற வீடுகளில் அவள் உள்ளே போய்க் கஞ்சி ஊட்டினாள். அஃப்ஸர் ஜஹான் பீபி என்ற பெரிய வீட்டு மருமகள் அன்று பிழைத்தது அம்மாவால்தான். அந்த வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். எத்தனையோ பெண்கள் அவளிடம் எழுத்துப் படித்தார்கள். எல்லாம் உண்மை. எங்கள் வீட்டில் மட்டும் ஒருவர் மூன்றாம் கட்டளையோடு நின்றார்.

அப்பாவின் வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். விடியலில் ஆற்றுக்குப் போய் மணலைப் போட்டுப் போட்டு உடம்பைத் தேய்த்துக் குளிப்பார். வெள்ளை வேட்டி கட்டுவார். வீட்டைப் பெருக்கிப் பாயை விரித்து, வேதத்தை எடுத்துத் தலையணை மேல் வைப்பார். அப்புறம் உட்கார்ந்திருப்பார். அம்மா வாசலில் நின்று, "இந்த ஒரு வூடுதாங்க, போய்ட்டு ஓடியாந்துட்றேன்" என்பாள். அப்பா, "சரி மே, பாத்துப் போ" என்பார். கோபித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு தட்டையாவது விட்டெறிந்திருக்கலாம். அந்த மனிதருக்கு அது வரவே இல்லை. அதற்காக நான் அவர்மேலும் கோபப்பட்டிருக்கிறேன்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "நான் படிச்சிருக்கேனேப்பா, நான் சொல்லித் தர்றேன்."

"வாணாம்மா," என்றார். "உங்கம்மா சொன்னாதான் எனக்குப் புரியும்." புரிவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு மணி நேரம், அவளும் அவரும் ஒரே பாயில்.

அம்மாவுக்கு மட்டும் அமைதி கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. ஊரார் வீட்டிலெல்லாம் ஜெபம் பண்ணிவிட்டு வருவாள். எங்கள் வீட்டுக்கு ஆமென் மட்டும்தான் மிச்சம். விளக்கு வைத்ததும் முழங்கால் போடுவாள், போட்ட மாத்திரத்தில் கட்டில் விளிம்பில் தலை சாய்ந்து தூங்கிப்போவாள். அப்பா ஒரு துப்பட்டியை எடுத்து அவள் முதுகில் போர்த்துவார். சத்தம் போடாதே என்று என்னைப் பார்த்து விரலைக் காட்டுவார்.

வேலூரில் ஆசிரியர் பயிற்சிக்குப் போன வருஷம் லீவில் வந்தபோது அம்மாவிடம் சண்டை பிடித்தேன். "அப்பாவுக்கு மட்டும் உனக்கு நேரம் இல்ல, இல்லம்மா?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "உங்கப்பா எங்க போய்டப் போறாரு? வூட்லயேதான இருக்காரு. அவங்கல்லாம் இன்னிக்கி வுட்டா நாளைக்கிக் கதவத் தெறப்பாங்களோ மாட்டாங்களோ." அதை அவள் மனசாரத்தான் சொன்னாள். அப்பாவின் கதவு எப்போதும் திறந்திருந்தது. அவள் செய்த தப்பு அதை நம்பியதுதான்.

இருபத்தேழாம் வருஷம் ஆவணி மாதத்தில் அப்பாவின் பிடரியில் ஒரு கொப்புளம் வந்தது. பச்சைத்தோல் தூக்குகிறவர்களுக்கு எப்போதாவது வருவதுதான். இரண்டே நாளில் அது நடுவில் கரியாகக் கறுத்து, கழுத்து முகம் எல்லாம் வீங்கிவிட்டது. எனக்குத் தந்தி வந்து நான் வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு இல்லை. தொண்டை அடைத்து, தண்ணீரைப் பஞ்சில் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வந்து கட்டுத்துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் எங்கும் கொண்டுபோய் அலைக்கழிக்க வேண்டாம் என்றார். அம்மா ஐந்து நாளாக வீட்டைவிட்டு நகரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாழக்கிழமை ஷாப் மேஸ்திரி அப்துல் வஹீத் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அப்பாவின் காலைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

"வெள்ளிக்கெழமையானா உங்கப்பாவ எங்க கூப்ட்டாலும் வரமாட்டாம்மா. என் பொஞ்சாதி இன்னிக்கி எனக்குப் பாடம் சொல்லித் தருவா, நான் இல்லேன்னா பேஜாராப் பூடும்பான். பத்து வருசத்துக்கு மேல அதேதான். ஷாப்ல உங்கம்மாவப் பத்தி அவ்ளோ பெருமை அவனுக்கு. பாடமெல்லாம் முடிச்சிட்டானாம்மா?"

உள்ளே அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு பாய்" என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்குச் சத்தியநாதன் ஐயர் ஜட்காவில் வந்து இறங்கினார். கையில் நற்கருணைப் பெட்டி இருந்தது. அப்பாவின் கண் அந்தப் பெட்டியிலேயே நின்றது.

ஐயர் அம்மாவை வாசல் பக்கம் கூப்பிட்டார். "அவரால இப்போ ஒப்பிக்க முடியாது. நீ சொன்னா எனக்குப் போதும். பாடம் சொல்லிக் குடுத்துட்டியா ஆக்னஸ்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் அம்மாவையே பார்த்தேன். சொல்லம்மா, சொல்லித் தொலையேன் என்று எனக்குள் கத்தினேன்.

"இல்லீங்க ஐயா," என்றாள் அம்மா. "மூணு கட்டளைதான் ஆச்சி."

"எத்தன வருஷத்துல?"

"பதிமூணு."

ஐயர் உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அவர் கல் மனசுக்காரர் அல்ல. "அப்போ இப்ப சொல்லு. அவரு வாங்கறது இன்னான்னு அவருக்குத் தெரியணும், அவ்ளோதான். அவரு தலைய ஆட்டினதும் என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

அம்மா பாயை இழுத்துப் போட்டு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தகப்பன் தாயைப் பற்றிய நாலாவது கட்டளையை ஆரம்பித்தாள். பாதி சொல்வதற்குள் வாசலில் ஜஹீதா வந்து நின்றாள். பெரிய வீட்டு வேலைக்காரப் பெண். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அம்மா, பீபி கேக்குறாங்க. எல்லாரும் வந்து ஒக்காந்துனு இருக்காங்க, நீ இன்னும் வரலியேன்னு."

"நான் வரலேன்னு சொல்லு ஜஹீதா," என்றாள் அம்மா. பதிமூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜஹீதா கட்டிலைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

அப்பா அதைக் கேட்டிருக்கிறார். தன் கையை அவள் மடியிலிருந்து உருவிக்கொண்டார். இரண்டு விரலால் வாசலைக் காட்டினார். போ என்று அர்த்தம்.

"நான் போகலீங்க. இங்கதான் இருக்கேன்."

மறுபடியும் வாசலைக் காட்டினார். ஆணியில் தொங்கிய அவளுடைய பையைக் காட்டினார், குடையைக் காட்டினார். வெயில் என்று கண்ணால் சொன்னார். அம்மா அவர் காதருகில் குனிந்து, போகவில்லை, போகவே மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஜுரத்தில் அது அவருக்கு ஏறவில்லை. தன்னால்தான் அவளுக்கு நேரமாகிறது என்ற ஒரே எண்ணம். அவள் நாலாவதை மறுபடி ஆரம்பித்தாள், ஐந்தாவதுக்குப் போனாள். அவர் எதையும் கேட்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார். மூச்சு இழுத்துக்கொண்டது, வீங்கிய கழுத்தில் நரம்பெல்லாம் புடைத்தது. அந்தக் கை மட்டும் வாசலைவிட்டு இறங்கவே இல்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அவளிடம் பார்த்ததில்லை. எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். குடையை எடுத்தாள்.

"இந்த ஒரு வூடுதாங்க. போய்ட்டு ஓடியாந்துட்றேன்."

அப்பாவின் கை இறங்கியது. பாத்துப் போ என்பதுபோல் தலையைக் கொஞ்சம் அசைத்தார். அவள் படி இறங்கும்வரை பார்த்தார். மூச்சு நிதானமாயிற்று. என்னைப் பார்த்து ஏதோ சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன், அந்த வீக்கத்தில் சரியாகத் தெரியவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மசூதியில் தொழுகைக்கு அழைக்கும் சத்தம் கேட்டு அடங்கிய கொஞ்ச நேரத்தில் அந்தக் கையில் ஒன்றும் இல்லை.

அவர் கண்ணை மூடிவிட்டு வெளியே வந்தேன். அம்மா எங்கும் போகவில்லை. வீட்டுச் சுவரோடு ஒட்டி, கட்டில் கிடந்த இடத்துக்கு நேர் வெளிப்பக்கத்தில், குடையைப் பிடித்தபடி வெயிலில் நின்றிருந்தாள். ஐயர் மரத்தடியில் எழுந்து நின்றிருந்தார், கிட்டே வரவில்லை. அம்மா நெற்றியை மண்சுவரில் வைத்துக்கொண்டு, உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழாவது கட்டளையில் இருந்தாள்.

அவள் என்னைக் கவனிக்கவில்லை. பத்தும் முடியட்டும் என்று நான் பக்கத்தில் நின்றேன். முடிந்த பிறகு சொன்னேன்.