ஏழாம் எண்: காணவில்லை

குமரேசன் பொய் சொல்கிறான். போன வாரம் முந்நூறு பேர் முன்னால் சொன்னான், நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

செங்கம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். என் அக்கா மகளும் ஒன்று வாங்கினாள். சிறப்பு விருந்தினர் குமரேசன். இப்போது சொந்தமாக மென்பொருள் கம்பெனி வைத்திருக்கிறான். "அந்தக் காலத்துலயே நம்ம ஊரு கார்த்திகை தீபத்துக்கு, காணாமப் போனவங்களக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் வெச்சோம். ஜனங்க இன்னா கேட்டாங்களோ அத்தனையும் சேத்தோம். அதான் ரகசியம்"னு முடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா மகளும் தட்டினாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவளிடம் உப்பு மட்டும் கேட்டேன்.

மண்டபத்து மைக் செட் பழசு. ஆம்ப்ளிஃபையர் சூடாகி, உள்ளே இருந்த தூசி கருகும் வாசனை மேடைப் பக்கமிருந்து வந்தது. எனக்குத் தீபம் என்றால் கற்பூரமும் நெய்யும் நினைவுக்கு வராது, அந்த வாசனைதான் வரும். தொண்ணூறுகளில் சில வருஷம் தீபத்தன்று நான் சாமி கும்பிட்டதே இல்லை. தேரடிப் பக்கம் ஒரு சேவைக் குழு போட்ட தகரக் கொட்டாயில், ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அது காணாமல் போனவர்களைக் கூப்பிடும் கொட்டாய். மலையைச் சுற்றி அடி அண்ணாமலை வரைக்கும் கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். மைக் பிடிப்பவர் ஏகாம்பரம். எலெக்‌ஷன் வந்தால் எல்லாக் கட்சிக்கும் ஆட்டோவில் போய்க் கத்துவார், கொள்கை வித்தியாசம் கிடையாது. தேடி வருகிறவர்கள் சொல்வதைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு கம்பியில் குத்தி வைப்பார்கள். ஏகாம்பரம் உருவி உருவிப் படிப்பார். கூட்டம் ஏறினால் சீட்டு கிழியும், காற்றில் பறக்கும், ஒரே ஆளை நாலு தரம் கூப்பிடுவார்கள். ஒரு தரம் ஏற்கெனவே கிடைத்து வீட்டுக்குப் போய்விட்ட தாத்தாவைச் சாயங்காலம் வரை கூப்பிட்டார்கள்.

குமரேசனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தான், நான் அதில் வாத்தியார். கொட்டாய்க்கு ஒரு புரோகிராம் எழுதித் தருகிறோம் என்று அவன்தான் குழுவிடம் போய்ப் பேசினான். எழுதியது நான். யாரைக் காணோம், எந்த ஊர், தேடுகிறவர் யார். மூன்று கேள்வி, அவ்வளவுதான். தமிழ் எழுத்தை ஸ்க்ரீனில் கொண்டுவர எங்களுக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பேன். ஏகாம்பரம் அதைப் பார்த்து எப்படியோ சரியாகப் படித்துவிடுவார். ஆள் கிடைத்ததும் ஒரு கீயை அழுத்தினால் பெயர் போய்விடும். இதை எழுதிவிட்டு நான் ஊரில் நடந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

யார் எதைச் சேர்க்கச் சொன்னாலும் முடியாது என்பேன். கொள்கை பாதி, சோம்பேறித்தனம் பாதி. ஒரு கேள்வியைக் கூட்டினால் எல்லா ஸ்க்ரீனையும் மறுபடி எழுத வேண்டும். பந்தோபஸ்துக்கு வந்த கான்ஸ்டபிள் ஒருத்தர், "இன்னா கலர் துணின்னு கேளுய்யா"ன்னார். அதெல்லாம் வராது சார் என்றேன். "பேரே சொல்லத் தெரியாத குழந்தைய நான் எப்படிய்யா தேடுவேன்? உன் கம்ப்யூட்டர் வந்து தேடுமா?"ன்னு கேட்டார். அடுத்த வருஷம் துணி கலரைச் சேர்த்தேன். அவர் கேட்டது நியாயம். காணாமல் போனவர் சீக்கிரம் கிடைப்பதற்காகக் கேட்டார்.

மற்றவர்கள் கேட்டது வேறு. அன்னதானம் போட்டவர் தன் பெயர் வர வேண்டும் என்றார். மைக் செட் செலவை ஏற்ற ஜவுளிக்கடைக்காரர் கடை பெயர் வர வேண்டும் என்றார். பிரமுகர்கள் வந்தால் வரவேற்பு சொல்ல வேண்டும் என்றது குழு. பிறகு பஸ் நேரம், தொலைந்த சாமான், இலவச மோர் கொடுக்கும் இடம். நான் முடியாது என்றேன். "கேட்டுட்டாங்கடா, இல்லன்னா நல்லா இருக்குமா?"ன்னான் குமரேசன். பிறகு என்னை வைத்து எழுதாமல் அவனே உட்கார்ந்து எழுதினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தான். கேட்டவரின் அந்தஸ்துக்குத் தக்க எண். நன்கொடையாளர் ஒன்று. காணவில்லை ஏழு. ஒன்றிலிருந்து வரிசையாக எடுத்துக் கொடுக்கும்படி புரோகிராம் எழுதியிருந்தான். அதில் தப்பே வராது. அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தான்.

ஏழாம் எண்ணுக்காகப் பேச ஆள் கிடையாது. காணாமல் போனவர்கள் குழுவில் உறுப்பினர் இல்லை. தேடுகிறவர்கள் ஆயுசில் ஒரு தரம் அழுதுகொண்டு வருவார்கள், ஆள் கிடைத்ததும் ஓடிவிடுவார்கள். இன்னும் என்ன வேண்டும் என்று அவர்களைக் கேட்டவன் யார்?

அந்த வருஷம் தீபம் ஏற்றக் கொஞ்ச நேரம் இருக்கையில், கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். பெண் பெயர் அஞ்சலா, பச்சைப் பாவாடை, கையை விட்டுவிட்டது. கம்ப்யூட்டரில் அடித்தேன். ஏகாம்பரம் நன்கொடையாளர்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"எப்பங்க கூப்புடுவீங்க?"

"வரும்மா, வரிசையில வரும்."

தீபம் ஏற்றினால் கூட்டம் மொத்தமும் நகர ஆரம்பிக்கும். பிறகு சின்னக் குழந்தை யார் காலடியில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. மலையைப் பார்ப்பதும் மைக்கைப் பார்ப்பதுமாக நின்றாள்.

நான் ஏகாம்பரத்திடம், "அண்ணே, இத மொதல்ல படிங்க"ன்னேன்.

"ஸ்க்ரீன்ல வரட்டும்பா. போன வருஷம் ஒருத்தர் பேர உட்டுட்டன்னு என்ன நிக்க வெச்சி கேட்டாங்க. உனக்கு இன்னா, நீ பட்டன் தட்டிட்டு போய்டுவ."

கீ போர்டில் கை வைத்தேன். பின்னால் நின்ற குமரேசன், "டேய், கை வெக்காத. குழுத் தலைவர் பேரு பாதியில நிக்கிது"ன்னான்.

அந்த அம்மா மேஜையைத் தாண்டி வந்து ஏகாம்பரம் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். "ஏ அஞ்சலா! அம்மா மைக்கு கொட்டாயில இருக்கேண்டி! தேர் நிக்கிற எடத்தாண்ட! யாராச்சும் எம்பொண்ணப் பாத்தா கூட்டியாங்க சாமி!" அடி அண்ணாமலை வரைக்கும் அது கேட்டது.

தீபம் ஏற்றுவதற்கு முன்பே ஒரு போண்டா கடைக்காரம்மா அந்தப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இவ்வளவு நேரமும் குழந்தையை ஸ்பீக்கர் கம்பத்துக்கு அடியில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார வைத்து, கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாளாம். "இன்னாய்யா மைக்கு வெச்சிக்கிறீங்க? ரெண்டு போண்டா துன்னு முடிச்சிடுச்சி இது. நீங்க எவன் எவனோ பேரயே படிச்சினுக்கிறீங்க!"

பெண் அழவில்லை. அம்மா தோளில் சாய்ந்துகொண்டு, ஜவுளிக்கடை பெயரையும், அனைவரையும் வருக வருக என அழைக்கும் வாசகத்தையும் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தது.

குமரேசன் ஒன்றும் செய்யாமல் இல்லை. அடுத்த வருஷம் மைக்குக்கு முன்னால் கம்பி வலை அடித்தான். எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தான்: அவசரம். அதை அழுத்தினால் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடும். அன்று மதியமே அன்னதானக்காரர் வந்து, "தம்பி, என் பேர அவசரத்துல போட்டுடு"ன்னார். மாலைக்குள் வாழ்த்து, வரவேற்பு, மோர் எல்லாம் அவசரமாகிவிட்டன. நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன், அவன் சென்டருக்கும் திரும்பப் போகவில்லை. அதனால் என் சம்பளம்தான் போனது, வேறு ஒன்றும் மாறவில்லை.

அப்புறம் ஆளுக்கொரு செல்போன் வந்தது. கொட்டாய் போய்விட்டது. ஏகாம்பரம் போய்விட்டார். குழாய் ஸ்பீக்கரையும் இறக்கிவிட்டார்கள். அதற்கெல்லாம் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்று இருந்தது. பச்சைப் பாவாடை என்று மைக்கில் வந்தால் போதும், போகிற அத்தனை பேரும் தலையைக் குனிந்து தங்கள் காலடியில் ஒரு தரம் பார்ப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள். இப்போது கிரிவலத்தில் எல்லோரும் குனிந்துதான் நடக்கிறார்கள், போனைப் பார்த்து.

குமரேசா, உன்னை ஒன்று கேட்கிறேன். ஜனங்கள் கேட்டதையெல்லாம் சேர்த்தேன் என்றாயே, அந்த அம்மாவும் ஜனம்தானே? அவள் உன் எதிரில் நின்று கேட்டாள். அவளுக்கு முன்னால் யார் யார் பெயரை வைத்தாய், யார் சொல்லி வைத்தாய்? என் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டு இதைச் சொல்ல வேண்டாம். எந்த மண்டபத்தில் பேசினாயோ அதே மண்டபத்தில், அதே பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, மைக்கில் சொல்.