பானிப்பட் தாண்டாத கார்

எண்பதுகளின் தொடக்கம். டெல்லியிலிருந்து மலைப் பக்கம் போகும் கார் ராலிப் பந்தயத்துக்கு முதல் நாள் மாலை, எல்லா வண்டிகளையும் ஒரு மைதானத்தில் பார்வைக்கு நிறுத்தியிருந்தார்கள். வீடு இருந்த ஆர்.கே.புரத்திலிருந்து மனைவியோடு ஸ்கூட்டரில் போயிருந்தேன்.

எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. ஆனாலும் ஒவ்வோர் அணிக்கும் சத்தமாக, தமிழில், மார்க் போட்டுக்கொண்டே நடந்தேன். பளபளவென்றிருந்த வெளிநாட்டு அணிக்குப் பத்துக்குப் பத்து. கடைசியில் பெயின்ட் மங்கிய ஒரு பழைய கார். பக்கத்தில் அதை ஓட்டப்போகும் இரண்டு சர்தார்கள்.

"இதுக்கு ரெண்டு மார்க்கே ஜாஸ்தி. இந்த டப்பா, தொண்ணூறு கிலோமீட்டர்ல இருக்கிற பானிப்பட்கூடத் தாண்டாது."

"மெதுவாப் பேசுங்களேன்," என்றாள் மனைவி.

"சர்தார்ஜிக்குத் தமிழ் புரியுமாக்கும்!"

டெல்லித் தமிழர்கள் எல்லோருக்கும் உள்ள அசட்டுத் தைரியம்தான்.

திரும்பும்போது என் ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தபோது, அந்தச் சர்தார்களில் ஒருவர் வந்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, ஒரே உதையில் கிளப்பிவிட்டார்.

"ஷுக்ரியா, பாயி சாப்," என்று இந்தியில் நன்றி சொன்னேன்.

"நான் கோயமுத்தூருங்க," என்று சிரித்தார். "உங்க வண்டியும் பழசுதானுங்க. ஆனா பானிப்பட் தாண்டிரும். பார்த்துப் போங்க."

மனைவியை ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டரை விரட்டினேன்.

ராலி முடிந்ததும் அந்தச் சர்தார்கள் என்ன ஆனார்கள் என்று பேப்பரில் தேடினேன். முதல் மூன்று அணிகளோடு செய்தி முடிந்திருந்தது. அதற்குக் கீழே வந்தவர்களைப் பற்றி, ரெண்டு மார்க் போட்டுவிட்டுத் தேடும் என்னைப் போன்ற ரசிகனுக்காக யார் எழுதுவார்கள்?