எனக்கு வரவேண்டிய இரண்டு அங்குலம்

என்னை முதலில் குள்ளமாக்கியவர் பேராசிரியர் மஞ்சுநாத் சார். மைசூரிலிருந்து கல் படிக்கிற பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பாறை பாறையாகக் கொண்டுபோய் விடுவது என் தொழில். பிறர் வேலைக்காக வெயிலில் நின்ற உங்களுக்கெல்லாம் என் வயிற்றெரிச்சல் புரியும்.

அளவுக்கு ஒரு ஆள்

பாலாறு போகும் வழியில் ஒரு பாறை. அதில் கறுப்பும் வெள்ளையுமான பட்டைகள் மடித்த பாய்போல வளைந்திருக்கும். வளைவின் அளவு படத்தில் தெரியப் பக்கத்தில் சுத்தியல் வைப்பது வழக்கம். இது பெரிய வளைவு, சுத்தியல் போதாது. இருபது வருடத்துக்கு முன் ஒருநாள் "அல்லே நில்லி, அங்கேயே நில்லுங்க, அசையாதீங்க" என்று சார் என்னையே நிறுத்தினார்.

படத்தைக் கல்லூரியில் தன் துறைச் சுவரில் மாட்டி, 'ஆளின் உயரம் ஐந்தடி நான்கு' என்று எழுதிவிட்டார். போலீஸ் வேலைக்கு என்னை அளந்தபோது ஐந்தடி ஆறு. உயரம் போதும், படிப்புதான் போதாது என்று அனுப்பினார்கள். இருந்த ஒன்றையும் சார் குறைத்துவிட்டார். திருத்தச் சொன்னேன். "பாறையைப் பாக்கத்தானே வர்றாங்க முருகேசண்ணா, உங்களை யாரு பாக்குறா?"

வேனுக்குள் வடக்கு

பாறை எந்தத் திசையில் சாய்கிறது என்று பார்க்கத் திசைகாட்டி வைப்பார்கள். ஒருநாள் ஆளுக்கொரு திசை சொன்னார்கள். நிழலுக்காகப் பாறையை ஒட்டி நிறுத்திய என் வேனின் இரும்பு, திசைகாட்டி முள்ளை இழுத்திருக்கிறது. காலை வேலை அத்தனையும் வீண். திட்டு விழுமென்று இருந்தேன். பிள்ளைகளில் ஒருத்தி, ஹனூர்ப் பெண் காவ்யா, புளிசாதத்தை நீட்டினாள். "ஏனுங்க மாமா, வடக்கு இப்ப உங்க வண்டிக்குள்ள உக்காந்திருக்குதுங்க."

டேப்

கல்லை ஆழத்தில், சூட்டில் மெதுவாக அழுத்தினால் மடியும். மேலே சட்டென்று அழுத்தினால் உடையும். இது காவ்யா சொல்லித் தெரிந்தது. நான் இருபது வருடம் மெதுவாகத்தான் அழுத்தினேன். சார் மடியவில்லை.

போன மாதம் அதே பாறைக்குப் போனோம். படத்தில் வளைவு என்னைப் போல ஒன்றரை மடங்கு; சுவரில் எழுதிய என் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எட்டடி. காவ்யா டேப் பிடித்தாள்: எட்டடி மூன்று அங்குலம். "அப்போ ஆள் ஐந்தடி ஆறுங்க சார்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சார் விடுவாரா? டேப்பை வாங்கி என்னை அளந்தார். ஐந்தடி நான்கு. வயது செய்த வேலை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காவ்யா மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "கல்லு சுருங்கலைங்க சார், மாமாதான் சுருங்கிட்டாருங்க."

கல் எனக்குச் சாட்சி, என் உடம்பு சாருக்குச் சாட்சி. சுவரில் எழுத்து இன்னும் மாறவில்லை, அந்த இரண்டு அங்குலம் வரும்வரை நானும் வேனை விட்டு இறங்குவதாக இல்லை.